எல்லா மேசைக்கும் போனேன்

பெப்ரவரி 3, செவ்வாய்

பனி பாதி உருகி, பாதி உறைந்து. நடைபாதை முழுக்கச் சறுக்கல். விடியற்காலையில் நகரத்துக்கு ஓட்டம். "தொடர்பு வளர்க்கும் காலையுணவு". புதிதாகத் தனித் தொழில் தொடங்கிய மனநலச் சிகிச்சையாளர்களுக்கு. அவித்த முட்டை, நோர்வேப் பழுப்புச் சீஸ், பச்சைத் தண்ணீர் போல ஒரு கோப்பி.

வந்தவர்கள் அத்தனை பேரும் சிகிச்சையாளர்கள். சிகிச்சை தேவைப்பட்டவர் ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். எல்லாரும் எல்லாருக்கும் விசிட்டிங் காட் கொடுத்தோம். பக்கத்து நாற்காலிப் பெண் நாயை வைத்துச் சிகிச்சை செய்கிறாராம். நாயும் வந்திருந்தது. நான் சொன்னதை முழுதாகக் கேட்டது அந்த நாய் மட்டும்தான்.

பேச வந்தவர் மெல்லிய கழுத்துப்பட்டையோடு மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். "உங்கள் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே உங்களைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். போய்ப் பேசுங்கள். ஒருவரையும் விடாதீர்கள்." இதைச் சொல்ல ஒரு பேச்சாளர். கேட்க நாங்கள் கட்டணம் கட்டி.

மூன்று மணி: வ. (முழுப் பெயரை இங்கும் எழுதுவதில்லை.) இப்போதைக்கு ஒழுங்காக வரும் ஒரே தமிழ் ஆள். மோர்டென்ஸ்ருட்டில் தொடர்வீடு. கணவர், மகள், மாமியார். வ.வுக்குப் பாலர் பள்ளியில் வேலை. வீட்டில் அடி இல்லை, ஏச்சு இல்லை. நேரே கதைப்பதில்லை, அவ்வளவுதான். மாமியார் பிள்ளையிடம் சொல்லிவிடுவார்: "அம்மாட்டச் சொல்லு, கறிக்கு உப்புக் காணாது எண்டு." வ. அதே குசினியில், அதே அடுப்புக்கு முன்னால் நிற்பார். கணவர் தாயோடு கதைப்பார், பிள்ளையோடு கதைப்பார். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இப்படியாம். "நான் இருக்கிறனோ எண்டு எனக்கே சில நேரம் சந்தேகம்" என்றார் இன்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வ. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

செய்ய வேண்டியவை:
– நல்ல டிஷ்யூ. மலிவானது மூக்கை உரிக்கிறது
– குடும்ப வைத்தியர்களுக்கு நேரில் போவது
– கதவில் தமிழிலும் பெயர் போடவா? போட்டால் யார் துணிந்து உள்ளே வருவார்? போடாவிட்டால் யாருக்குத் தெரியும்?

இரவு வீட்டில் என் கணவர் செந்தில்: "ஸ்டார்ட்டிங்ல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். ஒரு ஆறு மாசம் டைம் கொடு." அவருக்கென்ன, கோயம்புத்தூரிலிருந்து வந்த நாள் முதல் மாதச் சம்பளம். எனக்குச் சேமிப்புக் கோடை வரைதான். அதற்குள் அறை நிரம்பாவிட்டால் அரசு மனநல நிலையத்துக்குத் திரும்பிப் போய் வேலை கேட்க வேண்டும். பழைய மேலாளர் விடைபெறும் கேக்கை வெட்டியபடி சொன்னார்: "கதவு எப்போதும் திறந்திருக்கும்." அன்பாகத்தான் சொன்னார். கேக்கை அவர் முகத்தில் அப்பியிருக்க வேண்டும்.

பெப். 5, வியாழன்

ஸ்டோவ்னர். அங்குள்ள குடும்ப வைத்தியர் நிலையம். வரவேற்பில் இருந்த பெண் என் காட்டுகளை வாங்கினார், பார்க்கவில்லை, நேரே இழுப்பறைக்குள். அதற்குள் ஏற்கெனவே ஒரு யோகாக்காரர், ஒரு கால் நகம் வெட்டுபவர். மூவரும் ஒன்றாகக் கிடக்கிறோம்.

வைத்தியர் நடைவழியில் நின்றபடியே: "தமிழர்கள் தோள்மூட்டு வலி என்றுதான் வருகிறார்கள். மனதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை." அதற்காகத்தானே ஐயா வந்து நிற்கிறேன். தோள்மூட்டுக்கு எத்தனை வருடம் மாத்திரை கொடுப்பீர்கள்? கேட்கவில்லை. "நன்றி, நல்ல நாளாக அமையட்டும்" என்றேன். இந்த நாட்டில் வளர்ந்தவள் நான். கோபம் வந்தால் நன்றிதான் முதலில் வரும்.

அம்மா ஃபோனில்: "சனிக்கிழமை சாமத்திய வீடு ஒண்டிருக்கு. முன்னூறு பேர் வருவினம். நீ வா. எல்லா மேசைக்கும் போ. எல்லாரிட்டையும் சுகம் கேள். காட்டைக் குடு. ஒரு மேசையை விட்டாலும் பிறகு கதை வரும், சொல்லிப்போட்டன்."

கழுத்துப்பட்டைக்காரரை விட அம்மா தெளிவு. கட்டணமும் இல்லை.

பெப். 7, சனி

மைனஸ் ஒன்பது. சேலைக்கு மேல் பஃபர் ஜாக்கெட், காலில் பனிச் சப்பாத்து, பையில் செருப்பு.

மண்டபம் நிறையச் சனம். பூப்பெய்திய பெட்டைக்குப் பாவம் பதின்மூன்று வயது, தலையில் ஒரு கிலோ பூ, ஒவ்வொரு குடும்பமும் மேடையேறிப் படம் எடுத்து முடிய மூன்று மணித்தியாலம். நடுவில் ரோல்ஸ், வடை, சோறு. நான் வேலையில் இறங்கினேன். ஒவ்வொரு மேசையாக. "எப்பிடிச் சுகம்?" "பிள்ளையள் என்ன படிக்கினம்?" "ஓம், சொந்தமாத் தொடங்கியிருக்கிறன். ட்வெய்ட்டாவில, சென்டருக்குப் பக்கத்தில." சிலர் காட்டை வாங்கி உடனே கைப்பைக்குள் ஒளித்தார்கள். ஒருவர் "எங்கட வீட்டில உப்பிடி ஒருத்தரும் இல்லை" என்று திருப்பித் தந்தார், ஏதோ நான் தொற்றுநோய்க்கு ஊசி விற்க வந்தவள் மாதிரி. சிரித்தேன். வாய் வலித்தது.

வாசல் பக்கம் ஒரு மேசையில் வ. கணவர், மகள், மாமியார், எல்லாரும்.

வெளியில் கண்டால் நான் முதலில் கதைக்க மாட்டேன், தெரிந்ததாகவும் காட்ட மாட்டேன், நீங்கள் கதைத்தால் மட்டும் கதைப்பேன். இது முதல் நாளே நான் எல்லாருக்கும் சொல்லும் விதி. உங்கள் ரகசியத்துக்காக என்று சொல்வேன். வ.வும் "ஓம், அதுதான் நல்லது" என்றவர்.

நன்றாகவே சமாளித்தேன் என்று நினைக்கிறேன். தடுமாறவில்லை. மாமியாரிடம் சுகம் கேட்டேன். கணவரிடம் வேலை எப்படி என்று. பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "எத்தனை வயசு?" என்று மாமியாரிடம் கேட்டேன். காட்டை மாமியார் கையிலேயே கொடுத்தேன். வ. பக்கம் கண் போகவே இல்லை. ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

கார் கண்ணாடியில் பனிக்கட்டி. சுரண்டச் சுரண்டக் கை விறைத்தது. ஆனாலும் மகிழ்ச்சி. கொண்டுபோன காட் எல்லாம் முடிந்தது.

பெப். 10, செவ்வாய்

வானம் சாம்பல். அறையில் ஹீட்டர் டக் டக் என்று அடிக்கிறது.

இரண்டரைக்கு வ.வின் குறுஞ்செய்தி: "இண்டைக்கு வர ஏலாது. மன்னிக்கவும்." காரணம் இல்லை. வழமையாகப் போடும் சிரிப்பு முகமும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும்.

மூன்று மணிக்கு ஒருவரும் இல்லாத நாற்காலிக்கு முன்னால் இருந்து மின்னஞ்சல்களுக்குப் பதில் போட்டேன். நாய்க்காரி "ஒத்துழைப்பு" பற்றிப் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். நாய் கேட்டால் யோசிக்கலாம்.

சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. முன்னூறு பேர், ஒரு அழைப்பும் இல்லை. முன்னூறு பேருக்கும் தோள்மூட்டுதான் போலிருக்கிறது.

பெப். 12, வியாழன்

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

மத்தியானம் ட்வெய்ட்டா சென்டர் கடைத்தொகுதியில் சறோ அன்ரியைக் கண்டேன். இங்கே எங்கள் ஆட்கள் நடத்தும் கொண்டாட்டம் எல்லாவற்றுக்கும் மேசை ஒழுங்கு செய்வது இவர்தான். எந்த வீட்டில் யார் யாரோடு கதைப்பதில்லை என்பது மனப்பாடம். ஒரு கையில் லீக்ஸ் கட்டு, மற்றக் கையால் என் முழங்கையைப் பிடித்துத் தூணோரம் கொண்டுபோனார்.

"பிள்ளை, உம்மட ஆள் ஆரெண்டு நான் கண்டுபிடிச்சிட்டன்."

"என்ன ஆள் அன்ரி?"

"உம்மட்ட வாற ஆள். சனிக்கிழமை பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். எல்லாரிட்டையும் சுகம் கேட்டனீர். நான் உம்மட கொம்மாவோட கோவம், என்னட்டையும் வந்து கேட்டனீர். அந்த மேசையில மாமியைக் கேட்டனீர், மகனைக் கேட்டனீர், சின்னனைக் கொஞ்சினீர். அந்தப் பிள்ளையை மட்டும் ஏன் கேக்கேல்லை? கோவமெண்டால் மாமியோடயும் கதைச்சிருக்க மாட்டீர். அப்ப வேறை என்ன?"

நான் ஓம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "என்னட்ட ஆர் வருகினம் எண்டு நான் கதைக்கிறதில்லை அன்ரி."

"அதுதானே சொல்லுறன்" என்றார். முகம் முழுக்கப் பெருமை.

"ஆரிட்டயும் சொன்னனீங்களோ?"

"மண்டபத்தால திரும்பி வரேக்க காரில அந்த மாமியும் என்னோடதான் வந்தவ. அவவுக்குச் சொல்லாமல் விடுறதே? பயப்பிடாதையும். நல்லதாத்தான் சொன்னனான். அந்தப் பிள்ளையே போகுதெண்டால் நீர் கெட்டிக்காரியாத்தான் இருப்பீர் எண்டனான்."

தூணில் சாய்ந்து நின்றேன். லீக்ஸ் மணம். மேலே ஒலிபெருக்கியில் பாதி விலைக்குச் சப்பாத்து.

பாடப் புத்தகத்தில் அந்த விதியை எழுதியவர்கள் யாருக்கும் யாரும் வணக்கம் சொல்லாத ஊரில் இருந்து எழுதினார்கள். இங்கே நோர்வேக்காரர் லிஃப்டில் நின்றாலும் சுவரைத்தான் பார்ப்பார்கள். அந்த ஊரில் கதைக்காமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் மண்டபத்தில் முன்னூறு பேரோடு கதைத்து ஒருவரோடு மட்டும் கதைக்காமல் விடுவது, அந்த ஆளின் தலைக்கு மேல் விளக்குப் பிடிப்பது. இது தெரியாதா எனக்கு? நாலு வயதிலிருந்து இந்த மண்டபங்களில் வடை தின்று வளர்ந்தவள்.

சறோ அன்ரி மேல் எரிச்சல். அம்மா மேல் எரிச்சல், எல்லா மேசைக்கும் போ என்றதற்கு. விதி மேல். கழுத்துப்பட்டைக்காரர் மேல்.

வ.வுக்கு என்ன எழுதுவது? மாமியார் ஃபோனைப் பார்ப்பாரோ தெரியாது. ஒரு வரிதான்: "அடுத்த செவ்வாய் உங்கள் நேரம் உங்களுக்கே இருக்கிறது." பதில் இல்லை.

பெப். 14, சனி

செந்திலோடு சண்டை. பெயர் இல்லாமல், விஷயத்தை மட்டும் சொன்னேன். மடிக்கணினியை மூடாமலே கேட்டார்.

"சிம்பிள். இனிமே எல்லாருக்கும் ஹாய் சொல்லு. இல்லன்னா யாருக்கும் சொல்லாத."

"கதைச்சாலும் பிழை. 'நீங்கள் எப்பிடி அவவோட பழக்கம்' எண்டு கேப்பினம்."

"உங்க ஆளுங்க ரொம்பத்தான் நோட் பண்றாங்க."

உங்க ஆளுங்க. அவருடைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் என் காட்டைப் போட்டு இரண்டு மாதம். அறுபது பொறியியலாளர்கள், ஒரு கட்டைவிரல். பிறகு ஒருவர் பழைய சோபா விற்கிறார் என்று போட்டார், அதற்கு இருபது பேர் பதில். இதைச் சொன்னேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஏன் மைதிலி இவ்வளவு டென்ஷன் ஆகுற, நீயே தெரபிஸ்ட்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக நாடு கடத்தலாம்.

பின்னேரம் அழைப்பு. தெரியாத இலக்கம். ட்வெய்ட்டாவிலேயே இருக்கும் பெண், நித்திரை இல்லையாம். யார் சொன்னது என்று கேட்டேன். "சறோ அக்கா. நல்ல குடும்பத்து ஆக்களும் உங்களிட்ட வருகினமாம்." ஒரு மணித்தியாலத்தில் இன்னொருவர். ஸ்டோவ்னர். மகனுக்கு. "அந்த மோர்டென்ஸ்ருட் பிள்ளை வாறவவாம் எண்டு கேள்விப்பட்டு..."

உடனே ஃபோனை வைத்துவிட்டிருக்க வேண்டும். "தவறான தகவல்" என்றாவது சொல்லியிருக்க வேண்டும். தவறு இல்லையே. இரண்டு பேருக்கும் நேரம் கொடுத்தேன். வைத்த பிறகு குசினியில் நின்று மகிழ்ந்தேன். எழுதி வைக்கிறேன்: மகிழ்ந்தேன். பிறகு சிங்கில் கிடந்த சட்டியை உள்ளங்கை எரியும்வரை தேய்த்தேன்.

பெப். 16, திங்கள்

விடாத ஈரப்பனி. குடை வளைந்து போயிற்று.

இரண்டு அமர்வுக்கு நடுவே ஃபோன். "நான் இன்னாற்ற அம்மா." வ.வின் மாமியார். நான் மண்டபத்தில் கொடுத்த காட்டில் இலக்கம் இருந்ததாம்.

வசவுக்குத் தயாராக நின்றேன். வசவு வரவில்லை. குரல் மெதுவாக, கெஞ்சல் போல.

"பிள்ளை, நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை. என்ன கதைக்கிறியள் எண்டும் கேக்கேல்லை. அவளிட்ட ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. வேலையால வந்தால் மேல போய்க் கதவைப் பூட்டுறாள். சாப்பாட்டுக்கு மட்டும் கீழ வரச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பாள்."

ஒரே வீடு. ஒரே மாடிப்படி. சொல்லிவிடப் பிள்ளை போதாதென்று இப்போது என்னை.

என்னவெல்லாம் வாயில் வந்தது. படியில் ஏறிக் கதவைத் தட்டுங்கோ அன்ரி. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. ஒன்றையும் சொல்ல வழியில்லை, எதைச் சொன்னாலும் வ. என்னிடம் வருகிறார் என்று ஒத்துக்கொண்டதாகும். "ஒருத்தர் சொல்லுறதை இன்னொருத்தருக்குக் கொண்டுபோய்ச் சொல்லுறது என்ர வேலை இல்லை அன்ரி. ஆரெண்டாலும்" என்றேன்.

பிறகு: "அண்டைக்கு எங்களோட நல்லாத்தானே கதைச்சனீங்கள்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "எனக்கும் இஞ்ச ஆர் பிள்ளை இருக்கினம்?"

இரக்கம் வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அடுத்த ஆள் வெளியில் காத்திருந்தார். முகம் கழுவிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

பெப். 17, செவ்வாய்

மூன்று மணிக்கு வ. வந்தார்.

ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. நாற்காலியின் நுனியில் இருந்தார். நான் மன்னிப்போடு தொடங்கினேன். சறோ அன்ரி எப்படிக் கண்டுபிடித்தார், நான் அதை யோசிக்காமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை, முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, எங்கே செய்வது என்பது வரைக்கும். ஒத்திகை பார்த்து வைத்ததுதான். மாமியார் அழைத்ததையும் சொன்னேன், சொல்லிவிடச் சொன்னதையும்.

"உங்களிட்டயும் சொல்லிவிட்டவவோ" என்றார். சிரிக்கவில்லை.

பிறகு: "ஆக்கள் அறிஞ்சது எனக்கு ஒண்டும் இல்லை. எப்பிடியும் ஒருநாள் தெரியவரும் எண்டு தெரிஞ்சுதான் வந்தனான்."

"அப்ப..."

"நீங்கள் மாமியிட்டச் சுகம் கேட்டனீங்கள். இவரிட்ட வேலையைப் பற்றிக் கேட்டனீங்கள். என்ர பிள்ளைக்கு எத்தினை வயசு எண்டு மாமியிட்டக் கேட்டனீங்கள். நான் பக்கத்தில இருந்தனான். பிள்ளை என்ர மடியில இருந்தது."

மடியில் இருந்ததா? எனக்கு நினைவில்லை. நான் பார்க்கவில்லையே. பார்க்காமல் விட்டதைத்தான் கெட்டித்தனம் என்று எழுதி வைத்தேன்.

விதியைச் சொன்னேன். நாங்கள் முதல் நாள் பேசி ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். என் குரல் எனக்கே அரசு அலுவலகக் குரலாகக் கேட்டது.

"ஓம். நான்தான் சரி எண்டனான்." நேரே என்னைப் பார்த்தார். வ. குரல் உயர்ந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. "கதைக்க வேண்டாம் எண்டுதானே சரி எண்டனான். எங்கட மேசைக்கு வராமல் விட்டிருக்கலாம். கைகாட்டிப்போட்டு அங்கால போயிருக்கலாம். உங்களுக்கு எல்லா மேசைக்கும் போகவேணும். காட் குடுக்கவேணும். அதுக்கு வந்தனீங்கள். வந்து, அவையள் வீட்டில என்ன செய்யினமோ அதையே எல்லாருக்கும் முன்னால செய்தனீங்கள்."

பதினைந்து வருடம் படித்ததும் செய்ததும். "உங்களுக்குக் கோபம் வருவது நல்ல அறிகுறி" என்று ஒரு வசனம் தொண்டை வரை வந்தது. நல்ல வேளை விழுங்கினேன்.

வேறு ஆளிடம் போகிறாராம். நோர்வேக்காரி. தனக்கு மொழி காணாது, சமாளிக்கலாமாம். சிபாரிசுக் கடிதம் எழுதித் தரவா என்று கேட்டேன்.

"வேண்டாம். நானே ஃபோன் எடுத்துக் கதைச்சிட்டன். அவவும் அதே விதிதான் சொன்னவ." எழுந்து கையுறையைப் போட்டார். "அவ எங்கட மண்டபத்துக்கு வரமாட்டா."

கதவு வரை போனேன். படியில் இறங்கும் சத்தம். ஜன்னலால் பார்க்கவில்லை.

நாலு மணிக்குக் கிட்ட ஃபோன். சறோ அன்ரியின் தம்பி மகளாம், சிரிக்கச் சிரிக்கக் கதைக்கும் பிள்ளை. வேலை செவ்வாயில்தான் வெள்ளன முடியுமாம். செவ்வாய் மூன்று மணி இருக்குமோ என்று கேட்டாள்.

இருக்கு என்றேன்.